கர்ட் கோபேன்: நோட்டுப் புத்தகத்தில் இருந்த 50 ஆல்பங்கள் சொல்லும் வாழ்க்கைக் கதை

மஞ்சள் நிறத்தில் கோணலாகச் சிரிக்கும் ஒரு முகம், அதன் மேலே 'நிர்வாணா' என்ற பெயர். இந்தக் கறுப்பு டி-ஷர்ட்டை மெட்ரோ ரயிலிலோ, மாலிலோ, வெள்ளிக்கிழமை ஆபீஸிலோ கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஒருவேளை உங்க அலமாரியிலேயே ஒன்று இருக்கலாம்.

அந்த இசைக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகங்கள் 2002-ல் தொகுக்கப்பட்டு ஒரு நூலாக வெளிவந்தன. அதில் ஒரு பக்கத்தில், தனக்குப் பிடித்த 50 ஆல்பங்களை அவர் கைப்பட எழுதி வைத்திருந்தார். வருடக் கடைசியில் ஸ்ட்ரீமிங் ஆப்கள் நமக்குப் போட்டுத் தரும் பட்டியல் மாதிரிதான். ஆனா இதைப் போட்டது எந்த அல்காரிதமும் இல்லை, ஒரு மனுஷன்.

அந்தப் பட்டியலில் யாரெல்லாம் இருந்தார்கள்? அவர்களை அவர் எங்கே கண்டுபிடித்தார்? உலகப் புகழ் கிடைத்த பிறகு அவர்களுக்கு என்ன செய்தார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால், கோபேனின் 27 வருட வாழ்க்கையே கிட்டத்தட்ட முழுசா வந்துவிடுகிறது.

மரம் வெட்டும் ஊரில் ஒரு பீட்டில்ஸ் ரசிகர்

கர்ட் டொனால்ட் கோபேன் 1967 பிப்ரவரி 20-ம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள அபர்டீன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். பசிபிக் கடற்கரையை ஒட்டிய, மழை விடாமல் பெய்யும் பகுதி. மரம் வெட்டுவதும் அறுப்பதும்தான் ஊரின் முக்கியத் தொழில். அப்பா ஆட்டோ மெக்கானிக். அம்மா உணவகப் பணியாளர்.

அம்மா வழிக் குடும்பத்தில் இசை தெரிந்தவர்கள் இருந்தார்கள். சித்தி ஒருவர் கிடார் வாசித்துப் பாடுபவர். சின்ன வயதிலேயே பீட்டில்ஸ் பாடல்கள் கர்டுக்கு மனப்பாடம். கடைசி வரைக்கும் அந்தப் பிரியம் மாறவில்லை. சத்தமான பங்க் இசைத்தட்டுகள் நிறைந்த அந்த 50 பேர் பட்டியலிலும் பீட்டில்ஸின் 'மீட் த பீட்டில்ஸ்' ஆல்பத்துக்கு இடம் இருந்தது.

அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டனர். அதுவரை கலகலப்பாக இருந்த பையன் ஒதுங்கிப் போக ஆரம்பித்தார். அப்பா வீடு, அம்மா வீடு, தாத்தா பாட்டி, உறவினர்கள், நண்பர்கள் என்று மாறி மாறித் தங்கினார். 14-வது பிறந்தநாளுக்கு மாமா ஒரு பழைய கிடார் வாங்கிக் கொடுத்தார். எந்த வீட்டுக்கு மாறினாலும் கூடவே வந்தது அதுதான்.

அந்த வயதில் அவர் கேட்டது, ஊரில் எல்லாப் பையன்களும் கேட்டதுதான். ப்ளாக் சபாத், லெட் செப்பலின், கிஸ், ஏரோஸ்மித். ரேடியோவில் வரும் ஹார்ட் ராக். அதுக்கு வெளியே ஒரு உலகம் இருக்கு என்பதே அபர்டீனில் தெரிந்துகொள்ள வழியில்லை.

கேசட் கொடுத்த நண்பர்

இன்டர்நெட் இல்லாத காலம். பங்க் ராக் என்ற ஒன்று இருப்பதை கோபேன் முதலில் பத்திரிகையில்தான் படித்தார். அது எப்படி இருக்கும் என்று கேட்காமலேயே மனசுக்குள் கற்பனை செய்துகொண்டார். ஊர் நூலகத்தில் பங்க் என்று கிடைத்தது 'த கிளாஷ்' குழுவின் 'சாண்டினிஸ்டா' மட்டுமே. ஆசையாக எடுத்துப் போய்க் கேட்டவருக்குப் பெரிய ஏமாற்றம். அவர் கற்பனை செய்து வைத்திருந்த கோபமும் வேகமும் அதில் இல்லை.

அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் பக்கத்து ஊரான மான்டெசானோவைச் சேர்ந்த பஸ் ஆஸ்போர்ன். 'மெல்வின்ஸ்' குழுவின் தலைவர். கர்டைவிடக் கொஞ்சம் மூத்தவர். தன்னிடமிருந்த பங்க் பாடல்களை கேசட்டில் பதிந்து கொடுத்தார். 1983-ல் மான்டெசானோவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங் இடத்தில் மெல்வின்ஸ் இலவசமாக வாசித்தார்கள். அந்த மாலை தன் வாழ்க்கையை மாற்றிவிட்டதாக கோபேன் பின்னாளில் தன் நோட்டில் எழுதினார்.

1984-ல் 'ப்ளாக் ஃப்ளாக்' குழுவைப் பார்க்க சியாட்டில் போனார். டிக்கெட்டுக்காகத் தன்னிடமிருந்த ரெக்கார்டுகளை விற்றதாகச் சொன்னார். தான் பார்த்த முதல் கான்சர்ட் அதுதான் என்றும் பேட்டிகளில் சொல்லி வந்தார்.

இதில் ஒரு சின்னப் பொய் இருந்தது. அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர்கள் கண்டுபிடித்தது வேறு: 1983-லேயே அவர் சாமி ஹேகர் என்ற பிரபல ஹார்ட் ராக் பாடகரின் கான்சர்ட்டுக்குப் போயிருந்தார். அங்கே வாங்கிய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கும் போயிருக்கிறார். ஆனா பங்க் வட்டாரத்தில் அதைச் சொன்னா மானம் போயிடும். அதனால வரலாற்றைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார்.

நமக்கும் இது புதுசு இல்லை. ஆபீஸ் நண்பர்கள் பிளேலிஸ்ட்டைக் கேட்டால், நாம் நிஜமாகவே திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டைச் சொல்லாமல், மதிப்பாகத் தெரியும் ஒன்றைச் சொல்வதில்லையா? இசை ரசனை என்பது சந்தோஷம் மட்டுமல்ல, அடையாள அட்டையும்கூட. அந்த அட்டையை யாராவது பரிசோதித்துவிடுவார்களோ என்ற பயம் கோபேனுக்குக் கடைசி வரை இருந்தது.

ஒலிம்பியா: ரசனை மாறிய நகரம்

பள்ளிப் படிப்பை முடிக்க சில வாரங்களே இருந்தபோது 1985-ல் கோபேன் படிப்பை விட்டார். சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார், துப்புரவுப் பணி உட்பட. 1987-ல் காதலியுடன் ஒலிம்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார். அபர்டீனிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் அவருக்கு அது வேறு கிரகம்.

ஒலிம்பியா ஒரு கல்லூரி நகரம். கால்வின் ஜான்சன் என்பவர் 1982-ல் தொடங்கிய 'கே ரெக்கார்ட்ஸ்' அங்கேதான் இருந்தது. வீட்டிலேயே பதிவு செய்த கேசட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கும் சின்ன நிறுவனம். கால்வினின் சொந்தக் குழு 'பீட் ஹாப்பனிங்'. வாசிக்கத் தெரிந்தால்தான் மேடை ஏற வேண்டும் என்ற விதியே அங்கே கிடையாது. சொல்ல ஏதாவது இருந்தால் போதும்.

கோபேன் கேட்டு வளர்ந்த இசையில் கிடார் எவ்வளவு வேகம், குரல் எவ்வளவு உச்சம் என்பதுதான் கணக்கு. ஒலிம்பியாவில் அந்தக் கணக்கு செல்லவில்லை. ஸ்காட்லாந்தின் 'வாசலைன்ஸ்', வேல்ஸின் 'யங் மார்பிள் ஜயன்ட்ஸ்', லண்டனின் 'ரெயின்கோட்ஸ்' என்று எளிமையான, கொஞ்சம் கோணலான, மென்மையான இசை அவருக்கு அறிமுகமானது. அவற்றில் பலவற்றை உருவாக்கியது பெண்கள். சத்தம் போடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டுமோ, மெதுவாகப் பாடுவதற்கும் அவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். பிற்பாடு கே ரெக்கார்ட்ஸின் சின்னத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டார்.

நிர்வாணா என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

அபர்டீன் நண்பர் கிறிஸ்ட் நோவோசெலிக்குடன் 1987-ல் கோபேன் தொடங்கிய குழு, பல பெயர்களை மாற்றிப் பார்த்துவிட்டு 'நிர்வாணா' என்பதில் நின்றது. தமிழில் இந்தச் சொல்லுக்கு நமக்கு முதலில் ஞாபகம் வரும் அர்த்தம் வேற. கோபேன் எடுத்துக்கொண்டது பௌத்தத்தில் வரும் பொருளை: ஆசையும் துன்பமும் அணைந்துபோன விடுதலை நிலை. பங்க் குழுக்களுக்கெல்லாம் முகம் சுளிக்க வைக்கும் பெயர்களாக இருந்த காலத்தில், அழகான ஒரு பெயர் வேண்டும் என்று அவர் நினைத்தார்.

முதல் ஆல்பமான 'ப்ளீச்' 1989-ல் சியாட்டிலின் 'சப் பாப்' நிறுவனம் மூலம் வந்தது. பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணமும் இவர்களிடம் இல்லை. குழுவில் கொஞ்ச காலம் இருந்த கிடாரிஸ்ட் ஜேசன் எவர்மன்தான் கொடுத்தார். நன்றியாக, அவர் ஒரு நோட்டுகூட வாசிக்காத ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயரையும் படத்தையும் போட்டார்கள்.

1990-ல் டிரம்மர் டேவ் குரோல் சேர்ந்தார். அதே காலத்தில் நியூயார்க்கின் 'சோனிக் யூத்' குழுவின் கிம் கார்டனும் தர்ஸ்டன் மூரும் தாங்கள் இருந்த 'டி.ஜி.சி.' நிறுவனத்திடம் நிர்வாணாவைச் சிபாரிசு செய்தார்கள். மூத்தவர்கள் இருவருக்கு இந்தப் பசங்க இசை பிடித்திருந்தது. அதனால்தான் கதவு திறந்தது. இந்தச் சிபாரிசை கோபேன் மறக்கவில்லை என்பது பின்னால் தெரியும்.

46 ஆயிரத்திலிருந்து முதலிடத்துக்கு

1991 செப்டம்பர் 24 அன்று 'நெவர்மைண்ட்' வெளியானது. அமெரிக்காவில் முதலில் அச்சிட்டது சுமார் 46 ஆயிரம் பிரதிகள். இரண்டரை லட்சம் போனாலே பெரிய வெற்றி என்பதுதான் நிறுவனத்தின் கணக்கு. ஆனா 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டின் வீடியோ எம்.டி.வி.யில் ஓட ஆரம்பித்ததும் எல்லாக் கணக்கும் தப்பாகிப் போச்சு. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைப் பின்னுக்குத் தள்ளி பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. இன்றுவரை உலகம் முழுக்க 3 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருக்கின்றன.

உலகமே இதைப் புதுசு என்று கொண்டாடியபோது கோபேன் சொன்னது வேறு. அந்தப் பாட்டை எழுதும்போது 'பிக்ஸீஸ்' குழுவைக் காப்பியடிக்கத்தான் முயன்றேன் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். சரணத்தில் அடங்கிப் போய், பல்லவியில் வெடிக்கும் அந்த அமைப்பு பிக்ஸீஸிடம் கற்றது. ஒரு ஹிட் கொடுத்தவர், அதன் மூலம் எது என்று தானாகவே கைகாட்டுவது இந்தத் துறையில் அபூர்வம்.

அந்த 50-ல் யார் யார்?

இப்போ நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். 1992-ல் வந்த பி.ஜே. ஹார்வியின் 'ட்ரை' ஆல்பமும் பட்டியலில் இருப்பதால், அவர் புகழின் உச்சியில் இருந்தபோது எழுதியது என்று புரிகிறது.

முதல் வரியில் இருப்பது 'ஸ்டூஜஸ்' குழுவின் 'ரா பவர்'. 1973-ல் வந்து, அப்போது பெரிதாக விற்காமல் போன ஆல்பம். அடுத்து பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா', அதே குழுவின் கிம் டீல் தொடங்கிய 'ப்ரீடர்ஸ்' குழுவின் 'பாட்'. போர்ட்லாண்டைச் சேர்ந்த 'வைப்பர்ஸ்' என்ற பங்க் குழுவுக்கு மட்டும் வரிசையாக மூன்று இடங்கள். அபர்டீன் மாதிரியே மழையும் மந்தாரமும் நிறைந்த பக்கத்து மாநிலத்துக்காரர்கள்.

ஐந்தாவதாக இருப்பது 'ஷேக்ஸ்' குழுவின் 'ஃபிலாசபி ஆஃப் த வேர்ல்ட்'. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சிற்றூரில், அப்பா வற்புறுத்தி இசைக்குழு தொடங்க வைத்த சகோதரிகள். 1969-ல் வந்த அந்தப் பதிவில் தாளம் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம் போகும். முதல் தடவை கேட்பவர்கள் ஸ்பீக்கரில் கோளாறோ என்று நினைப்பார்கள். கோபேனுக்கு அதில் யாரையும் கவரப் பார்க்காத ஒரு நேர்மை கேட்டது.

ஜப்பானின் ஒசாகாவிலிருந்து வந்த 'ஷோனென் நைஃப்' என்ற பெண்கள் குழுவும் இருக்கிறது. 1991-ல் பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்கு அவர்களை அழைத்துப் போனார் கோபேன். பெண்கள் உருவாக்கிய அல்லது முன்னின்று பாடிய ஆல்பங்கள் என்று எண்ணிப் பார்த்தால் பத்துக்கும் மேல் வருகின்றன. ஆண்களின் கிடார் சாகசமே ராக் என்று எழுதப்பட்ட காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

சுவாரஸ்யம் என்னன்னா, பங்க் நண்பர்கள் கேலி செய்யக்கூடிய 'த நாக்' குழுவின் பாப் ஆல்பமும், ஏரோஸ்மித்தின் 'ராக்ஸ்' ஆல்பமும்கூட இதில் இருக்கின்றன. சாமி ஹேகரை மறைத்த பையன், நோட்டுப் புத்தகத்தில் கொஞ்சம் தைரியமாகிவிட்டார். நூலகத்தில் ஏமாற்றிய த கிளாஷுக்கும் மன்னிப்பு கிடைத்துவிட்டது. அவர்களின் 'காம்பாட் ராக்' பட்டியலில் உண்டு.

ஒரே ஒரு ஹிப்-ஹாப் ஆல்பம்

50-ல் ஹிப்-ஹாப் ஒன்றே ஒன்றுதான்: 'பப்ளிக் எனிமி' குழுவின் 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்'. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டைச் சேர்ந்த சக் டி, ஃப்ளேவர் ஃப்ளேவ் குழுவினர் 1988-ல் வெளியிட்டது. 'பாம் ஸ்குவாட்' என்ற தயாரிப்புக் குழு, பழைய ஃபங்க் பதிவுகளின் துண்டுகளையும் சைரன் போன்ற சத்தங்களையும் அடுக்கடுக்காகக் கட்டியது. அதன் மேல் கறுப்பின மக்களின் அரசியலை சக் டி முழங்கினார். பங்க் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் கோபம் உடனே புரியும்.

பங்குக்குப் பிறகு வந்த உயிர்ப்பான இசை வடிவம் ராப்தான் என்பது கோபேனின் கருத்து. அதே சமயம், பல ராப் பாடல்களில் பெண்களை இழிவுபடுத்தும் வரிகளைத் தன்னால் தாங்க முடியவில்லை என்றும் சொன்னார். இதை அவர் ராப்புக்கு மட்டும் சொல்லவில்லை. லெட் செப்பலின், ஏரோஸ்மித் பாடல்களிலும் அதே பிரச்சனை இருப்பது வளர்ந்த பிறகு உறைத்ததாகச் சொன்னார். அப்படியும் ஏரோஸ்மித் பட்டியலில் இருக்கிறது. சிறுவயதில் பிடித்ததை விடவும் முடியவில்லை, முழுசா ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. பழைய சினிமாப் பாட்டை இப்போது கேட்கும்போது நமக்கும் வரும் அதே சங்கடம்.

நேர்மையாகப் பார்த்தால் பட்டியலுக்குக் குறைகளும் உண்டு. ஹிப்-ஹாப் பொற்காலத்தில் வாழ்ந்தவர் அதிலிருந்து எடுத்தது ஒன்று மட்டுமே. பப்ளிக் எனிமியையும் சேர்த்து, 'பேட் ப்ரெயின்ஸ்', ப்ளூஸ் பாடகர் லெட்பெல்லி என்று கறுப்பினக் கலைஞர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் வளர்ந்த ஊரில் எந்தக் கேசட் கைக்கு வந்ததோ, அதுவே அவர் காதுக்கு எல்லையாகவும் இருந்தது.

ஆனால் ஹிப்-ஹாப் அவரை மறக்கவில்லை. 2013-ல் ஜே-ஸி தன் 'ஹோலி கிரெயில்' பாட்டில் டீன் ஸ்பிரிட்டின் வரிகளை எடுத்தாண்டார். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் நிர்வாணாவின் மூவர் பெயரும் இருக்கிறது.

புகழை வைத்து என்ன செய்தார்?

இங்கேதான் கோபேன் மற்ற ரசிகர்களிடமிருந்து வேறுபடுகிறார். பிடித்ததைப் பட்டியல் போடுவதோடு அவர் நிற்கவில்லை.

1992-ல் லண்டன் போனபோது, தேய்ந்துபோன தன் ரெயின்கோட்ஸ் ரெக்கார்டுக்குப் பதில் புதுசு ஒன்று வாங்க 'ரஃப் டிரேட்' கடைக்குப் போனார். அங்கே கிடைக்கவில்லை. அந்தக் குழுவின் ஆனா டா சில்வா பக்கத்தில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று தெரிந்து, நேராக அங்கேயே போய் நின்றார். குழு கலைந்து பல வருடம் ஆகியிருந்தது. வந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஸ்டார் என்பதும் ஆனாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து, குழுவினர் கையெழுத்திட்ட ஒரு பிரதி அவருக்கு வந்து சேர்ந்தது. கோடிகள் தராத சந்தோஷத்தை அது தந்தது என்ற பொருளில் 'இன்செஸ்டிசைட்' தொகுப்பின் உள்ளுறையில் இதை விவரித்து எழுதினார். அதே குறிப்பில், நிறவெறியர்களும் பெண்களையும் ஒருபாலின ஈர்ப்பாளர்களையும் வெறுப்பவர்களும் எங்கள் ரெக்கார்டுகளை வாங்க வேண்டாம், கான்சர்ட்டுக்கும் வர வேண்டாம் என்று சொந்த ரசிகர்களிடமே சொன்னார்.

1993-ல் ரெயின்கோட்ஸ் ஆல்பங்களை டி.ஜி.சி. நிறுவனமே மறுபடி வெளியிட்டது. முன்னுரை எழுதியவர் கோபேன். அந்தப் பெண்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

கலைந்துபோயிருந்த வாசலைன்ஸ் குழு, 1990-ல் எடின்பரோவில் நிர்வாணாவுடன் மேடை ஏறுவதற்காகவே மறுபடி சேர்ந்தது. அவர்களின் பாடல்களை நிர்வாணா வாசித்ததால் உலகத்துக்கு அவர்களைத் தெரிந்தது. 1992 ஆகஸ்டில் கோபேனுக்கும் பாடகி கோர்ட்னி லவ்வுக்கும் பெண் குழந்தை பிறந்தபோது வைத்த பெயர் ஃபிரான்சஸ். வாசலைன்ஸின் ஃபிரான்சஸ் மெக்கீயை நினைத்து வைத்தது.

அதே ஆண்டு எம்.டி.வி. விருது விழாவுக்கு, தவளை போன்ற ஓர் உருவம் வரைந்த டி-ஷர்ட்டுடன் வந்தார். அது டெக்சாஸில் வீட்டில் பதிவு செய்த கேசட்டுகளைத் தெருவில் இலவசமாகக் கொடுத்துவந்த டேனியல் ஜான்ஸ்டன் வரைந்த படம். தீவிர மனநலப் பாதிப்புடன் போராடியவர். அந்த டி-ஷர்ட்டால் கிளம்பிய ஆர்வத்தில் பெரிய நிறுவனங்கள் அவரைத் தேடி வந்தன. 1994-ல் 'அட்லாண்டிக்' வெளியிட்ட ஆல்பம் விற்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒப்பந்தமும் முடிந்தது. ஒரு ஸ்டாரின் சிபாரிசு கதவைத் திறக்கும். உள்ளே போனபின் என்ன ஆகும் என்பது அதன் கையில் இல்லை.

தன் காதை நம்பிய இரண்டு முடிவுகள்

'நெவர்மைண்ட்' ரொம்ப பளபளப்பாக வந்துவிட்டது என்ற உறுத்தல் கோபேனுக்கு இருந்தது. பெரிய நிறுவனத்துக்கு விலைபோய்விட்டார் என்று பழைய நண்பர்கள் நினைப்பார்களோ என்ற பயமும் கூடவே. அடுத்த ஆல்பத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஸ்டீவ் ஆல்பினியை. காரணம் எளிது: பட்டியலின் இரண்டாவதும் மூன்றாவதுமான 'சர்ஃபர் ரோசா', 'பாட்' இரண்டையும் பதிவு செய்தவர் அவர். ராயல்டி வேண்டாம், ஒரு பிளம்பரைப் போல வேலைக்குக் கூலி போதும் என்றார் ஆல்பினி. 1993-ல் வந்த 'இன் யூட்ரோ' கரடுமுரடாக இருந்தது. நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. ஒன்றிரண்டு பாடல்களை வேறொருவர் மெருகேற்ற வேண்டியிருந்தாலும், அதுவும் முதலிடத்துக்கே போனது.

இரண்டாவது முடிவு, 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் பதிவான எம்.டி.வி. 'அன்பிளக்ட்' நிகழ்ச்சி. சேனல் எதிர்பார்த்தது ஹிட் பாடல்களும் பிரபல விருந்தினர்களும். கோபேன் கூட்டி வந்தது அரிசோனாவின் 'மீட் பப்பெட்ஸ்' குழுவின் கிர்க்வுட் சகோதரர்களை. டீன் ஸ்பிரிட்டை வாசிக்கவே இல்லை. 14 பாடல்களில் ஆறு அடுத்தவர்களுடையது: மீட் பப்பெட்ஸின் மூன்று, வாசலைன்ஸின் ஒன்று, டேவிட் போவியின் ஒன்று, கடைசியாக லெட்பெல்லி பாடிய ஒரு பழைய நாட்டுப்புறப் பாடல்.

யோசிச்சுப் பாருங்க. உலகமே பார்க்கும் மேடையில் ஒருவர் தன் பிளேலிஸ்ட்டை எடுத்து வாசித்துக்காட்டினார். இன்று நிர்வாணாவின் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். 1996-ல் கிராமி விருதும் கிடைத்தது.

கடைசிப் பாட்டுக்கு முன் மேடையில் ஒரு கதை சொன்னார். லெட்பெல்லியின் கிடாரை ஒருவர் 5 லட்சம் டாலருக்கு விற்க வந்ததாகவும், நிறுவன முதலாளியிடம் வாங்கித்தரக் கேட்டுப் பார்த்ததாகவும். அன்று இரவு அவர் மடியில் இருந்த கிடார் 2020-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

கடைசி மாதங்கள்

வெளியே இவ்வளவும் நடந்தபோது உள்ளே வேறு ஒரு போராட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பல வருடமாகத் தீராத வயிற்று வலி, ஹெராயின் அடிமைத்தனம், மனச்சோர்வு. 1994 மார்ச்சில் ரோம் நகரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தார்.

பட்டியலில் 'ஆர்.இ.எம்.' குழுவின் 'கிரீன்' ஆல்பமும் இருந்தது. அந்தக் குழுவின் மைக்கேல் ஸ்டைப், கோபேனை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவருவதற்காகவே சேர்ந்து ஒரு இசை முயற்சி செய்யலாம் என்று திட்டமிட்டு விமான டிக்கெட்டும் அனுப்பினார். கோபேன் போகவில்லை. 1994 ஏப்ரல் 5 அன்று சியாட்டில் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. மகளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. ரெயின்கோட்ஸுடன் சேர்ந்து பிரிட்டனில் செய்ய இருந்த சுற்றுப்பயணம் நடக்கவே இல்லை.

கடைசியாக அவர் எழுதியதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. இசையைக் கேட்பதிலும் உருவாக்குவதிலும் இருந்த பரவசம் வெகு நாளாகவே தன்னிடம் இல்லை, அதற்காகக் குற்ற உணர்வாக இருக்கிறது என்ற கருத்து அதில் இருந்தது. ரசிகர்களை ஏமாற்றுவதாக அவர் நினைத்தார்.

இதைக் கலைஞனின் சோகம், 27 வயது சாபம் என்றெல்லாம் அழகுபடுத்திச் சொல்லும் பழக்கம் இன்றும் இருக்கிறது. உண்மை அதைவிடச் சாதாரணமானது. முன்பு பிடித்த விஷயங்களில் ருசியே இல்லாமல் போவது, மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. அது நேர்மைக் குறைவும் இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை. நோய். சிகிச்சை உண்டு.

இன்றைக்கு அந்தப் பட்டியல்

அந்த 50 ஆல்பங்களில் பெரும்பாலானவை இப்போது போனிலேயே கிடைக்கின்றன. கோபேன் நூலகத்தில் தேடி ஏமாந்ததும், ரெக்கார்டை விற்று டிக்கெட் வாங்கியதும், லண்டன் கடையில் விசாரித்து நின்றதும் நமக்குத் தேவையில்லை. ஒரு டச் போதும்.

ஆனா அவருக்கு ஒவ்வொரு ஆல்பமும் ஒரு மனிதர் வழியாக வந்தது. சித்தி, மாமா, பஸ் ஆஸ்போர்ன், கால்வின் ஜான்சன், சோனிக் யூத். கிடைத்த இடம் வந்ததும் அந்தக் கடனை அவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், தனக்கு எதுவும் தராத, யாரென்றே தெரியாத குழுக்களுக்கு. ரெயின்கோட்ஸ் 1996-ல் புது ஆல்பம் வெளியிட்டார்கள். வாசலைன்ஸ் மீண்டும் சேர்ந்து பாடினார்கள். ஷேக்ஸ் சகோதரிகளின் அந்தக் கோணல் பதிவை உலகின் ஏதோ ஒரு மூலையில் இன்று யாரோ முதல் தடவையாகக் கேட்டுக் குழம்பிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த முறை அந்த மஞ்சள் முகம் போட்ட டி-ஷர்ட்டைப் பார்த்தால், போட்டிருப்பவரைப் பாட்டு தெரியுமா என்று சோதிக்க வேண்டாம். அந்தச் சோதனைக்குப் பயந்துதான் ஒரு பையன் சாமி ஹேகரை மறைத்தான். அதற்குப் பதிலா, உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை அவருக்கு அனுப்பி வையுங்க.

(மன அழுத்தமோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ இருந்தால், இந்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.)